அடுக்கைக் கண்டே அயல்மொழி அறிந்த ஏழாம் சரிபார்ப்பாளருக்கு

சொல் மாறினாலும் சுவடு மாறாது என்று கண்டவரே, சட்டை மாற்றிக்கொண்டு எல்லை தாண்டி வந்த வாக்கியங்களை வாசலிலேயே நிறுத்தி ஊர் பேர் விசாரித்தவரே, இணையக் கலைக்களஞ்சியத்தின் ஒப்பீட்டுப் பிரிவில் இரண்டு திரைகளுக்கு நடுவே பத்தொன்பது ஆண்டுகள் வீற்றிருந்து, இரவல் எழுத்துக்கு எமனாகவும் இடறி விழுந்த எழுத்தாளருக்கு ஏணியாகவும் விளங்கிய எங்கள் அன்புக்குரிய அக்கா அவர்களே, வணக்கம்.

அக்கா என்று அழைப்பதில் வயதுக் கணக்கு எதுவும் இல்லை. இதை எழுதும் நான் உங்களைவிட மூத்தவன். உங்களுக்கு முன்பே ஓய்வு பெற்று, பகலில் தூங்கும் உரிமையை ஒரு சொட்டும் வீணாக்காமல் அனுபவித்து வருபவன். இருந்தாலும் நீங்கள் எனக்கும் அக்காதான். பிரிவுத் தலைவருக்கும் அக்கா, தேநீர் எந்திரத்தைப் பழுதுபார்க்க வருகிறவருக்கும் அக்கா. உங்கள் சொந்தத் தம்பி ஒருநாள் நான்காம் மாடி ஏறி வந்து, "எல்லாருமே அக்கான்னா, அப்புறம் நான் என்னன்னு கூப்பிடறது?" என்று பரிதாபமாகக் கேட்டது இங்கே பலருக்கும் நினைவிருக்கும்.

ஓய்வு பெற்றவனை எழுப்பிக் கொண்டுவந்து மடல் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த அலுவலகத்தில், ஊரார் எழுத்தில் நகல் தேடுவது நம் தொழில். நம் பிரிவுபசார விழாவில் போன ஆண்டு மடலையே பெயர் மாற்றிப் படிப்பது நம் வழக்கம். எனக்குப் படித்த மடலில் நான் சிறந்த நீச்சல் வீரன் என்றும் இரு புதல்வியரின் பாசமிகு தந்தை என்றும் இருந்தது. எனக்குக் குளியலறை வாளியைத் தாண்டித் தண்ணீரோடு பழக்கமில்லை, திருமணமும் ஆகவில்லை. அவை அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வரிசையிலிருந்து உங்கள் குரல் மட்டும் நிதானமாக வந்தது: "இது கணக்குப் பிரிவுக்காரருக்குப் படிச்சது. அதுக்கும் முன்னாடி வெளிநாட்டுக் கிளையில யாருக்கோ அவங்க மொழியில எழுதினது. நீச்சல் அங்கேருந்துதான் வருது."

ஆகவே இம்முறை ஊழியர்கள் கூட்டமாக என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "சார், நாங்க எழுதினா அக்கா உட்கார்ந்த இடத்துலயே மூலம் எதுன்னு சொல்லிடுவாங்க. மானம் போயிடும். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

"எனக்கு மட்டும் போறதுக்கு மானம் இல்லைன்னு முடிவு பண்ணிட்டீங்களாக்கும்?"

"நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே சார்" என்றார்கள், அதுவே போதிய விளக்கம் என்பதுபோல. எனவே இம்மடல் எங்கிருந்தும் எடுக்கப்படாதது. இதிலுள்ள மிகை மட்டும் என் சொந்த விளைச்சல்.

பணியின் பெருமையைப் பகர வேண்டுமானால் பிணியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே மொழியில் பார்த்து எழுதினால் எந்திரம் கண்டுபிடித்துவிடும். சொல்லோடு சொல் வைத்துப் பார்த்துச் சிவப்பு விளக்கு போட்டுவிடும். ஆனால் பிறமொழி நூலொன்றைப் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்துத் தன் கட்டுரை என்று போட்டால், ஒரு சொல்லும் ஒத்துப்போகாது. எந்திரம் பச்சை விளக்கு காட்டிப் பல்லிளிக்கும். மொழிபெயர்த்த பிறகு வாக்கியத்தை வேறு கொஞ்சம் முன்னே பின்னே திருப்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்தப் பச்சை விளக்குகளை நம்பாமல் பார்த்த ஒரே ஆள் நீங்கள். கட்டுரையை இடப்பக்கத் திரையிலும் ஐயத்துக்குரிய நூலை வலப்பக்கத் திரையிலும் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு மிடறு ஆறிய தேநீர் குடித்து நீங்கள் "ம்" என்றால், ஏழு கடலுக்கு அப்பால் எழுதியவருக்கு விக்கல் வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"தகவல் யாருக்கும் சொந்தமில்ல. எவர் வேணா எடுத்துக்கலாம். ஆனா எதை முதல்ல சொல்லி, எதை அப்புறம் சொல்லி, எதைச் சொல்லாம விட்டோம்ங்கிறது எழுதினவரோடது" என்பது புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் நீங்கள் சொல்லும் வாசகம். பனிக்கட்டித் தொழிற்சாலையைப் பற்றிய கட்டுரையில், தொழிற்சாலை தொடங்குவதற்கு முன்பே முதலாளி குதிரையிலிருந்து விழுகிறார் என்றால், அவரை அங்கே முதலில் தள்ளிவிட்டது யார் என்று தேடிப் போவீர்கள். "மேலே உள்ள படத்தில் காண்பதுபோல" என்று எழுதியிருக்கும், மேலே படம் இருக்காது. "நமது அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில்" என்றிருக்கும். எழுதியவரோ அந்த நாட்டுக்கே போகாதவர். அருங்காட்சியகத்தின் துண்டுப் பிரசுரத்தோடு நீங்கள் மறுநாள் காலை வந்து நிற்பீர்கள்.

பிடிப்பது மட்டும்தான் உங்கள் பெருமை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை நம் பிரிவுத் தலைவர், பிறமொழி இணையதளம் ஒன்றிலிருந்து மொழிபெயர்த்தது என்று சொல்லி நல்ல கட்டுரை ஒன்றைத் தூக்கிவிட்டார். நீங்கள் அந்தத் தளத்தைப் பார்த்தீர்கள். நம் கட்டுரையில் முன்பு சிறிது காலம் மட்டும் இருந்து, பிறகு திருத்தப்பட்ட தவறு ஒன்று அங்கே அப்படியே பத்திரமாக இருந்தது. "இவங்க நம்மகிட்டேருந்து எடுத்திருக்காங்க சார். நாம திருந்திட்டோம், அவங்க இன்னும் திருந்தல" என்றீர்கள். தலைவர் அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. கட்டுரை மாலைக்குள் திரும்பி வந்தது.

இனி, இவ்விழாவில் சொல்லியே ஆக வேண்டியதற்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரர் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். நகரின் மழைநீர் வடிகால்களைப் பணிக்காலம் முழுவதும் பராமரித்த பொறியாளர். ஆகவே எங்களுக்கு வடிகால் மாமா. ஓய்வு பெற்றபின் அவர் நம் கலைக்களஞ்சியத்துக்குப் புனைபெயரில் கட்டுரை எழுதத் தொடங்கினார். மதகு, சாக்கடை மூடி, வண்டல் தொட்டி என்று இவர் எழுதாத பொருள் தரைக்குக் கீழே இல்லை. காலையில் எழுவதற்கு அவருக்கு இருந்த காரணம் அதுதான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்த மாமாவின் வடிகால் பற்றிய பெரிய கட்டுரை, பழைய பிறமொழிக் கையேடு ஒன்றிலிருந்து மொழிபெயர்த்தது என்று புகார் வந்தது. ஒரு கட்டுரை மீதான புகார் உறுதியானாலும், திருத்திக் காட்டும்வரை அவர் எழுதிய அத்தனையும் மறைக்கப்படும். திருத்தம் தேறாவிட்டால் நீக்கம், கணக்கும் மூடப்படும். அது நம் விதி.

நீங்கள் நேராகத் தலைவரிடம் போனீர்கள். "சார், இது எங்க வீட்டுக்காரர் எழுதினது. நான் பார்க்கக் கூடாது. வேற யாருக்காவது குடுங்க."

"அந்த மொழி தெரிஞ்ச ஆள் இங்க வேற யாரும்மா? நீங்க பார்த்து உள்ளதை எழுதிக் குடுங்க. முடிவு என்னோடது, கையெழுத்தும் என்னோடது."

உள்ளதையே எழுதிக் கொடுத்தீர்கள். மாமா நூலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதவில்லை. ஆனால் அந்தக் கையேட்டைப் படித்துப் படித்து வேலை பார்த்தவர். நினைவிலிருந்து எழுதியபோதும் அதன் அடுக்கே கையில் வந்துவிட்டது. மூன்றாம் பத்தி முதல் கடைசிவரை நூல் போன பாதையிலேயே கட்டுரையும் போயிருந்தது. கட்டுரைகள் மறைக்கப்பட்டன. சரிபார்ப்பாளர் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதால், அறிவிப்பு வழக்கம்போல ஏழாம் எண்ணின் பெயரில் போயிற்று. நீங்கள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள்.

அன்று முதல் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை, மறுநாள் காலை இங்கே முகத்தில் ஒரு கோடு அசையாமல் நீங்கள் சொல்வீர்கள். நாங்கள் மேசைக்கடியில் குனிந்து சிரிப்போம்.

"ஏம்மா, அந்த ஏழாம் நம்பருக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குமா?"

"சாப்பிடுங்க முதல்ல."

"கல்யாணம் ஆகாத ஆளாத்தான் இருக்கும்."

"ஆகியிருக்கும்ங்க. அதனாலகூட இப்படி ஆயிருப்பாங்க."

பிறகு அந்தத் திட்டு நின்றது. "போதும்மா, விட்டுடறேன். எழுதி என்ன ஆகப்போகுது" என்று அவர் சொன்னதை மட்டும் மறுநாள் சொல்லிவிட்டு நீங்கள் திரைக்குத் திரும்பினீர்கள். ஏழாம் எண் அவருக்கு வழி சொல்லக் கூடாது, அதுவும் நம் விதி. மனைவி சொன்னாலும் அது ஏழாம் எண் சொன்னதுதான். அன்று நீங்கள் தேநீரை ஆறவிட்டுக் குடிக்காமலே கொட்டியதை நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். இதில் மிகை இல்லை.

சில நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டே அவரிடம் கேட்டீர்களாம்: "ஏங்க, அந்த மார்க்கெட் தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னுச்சே, அப்ப நீங்க எங்கேருந்து ஆரம்பிச்சீங்க?" அவர் ஆரம்பித்தார். துணியெல்லாம் மடித்து முடித்து, அலமாரியில் வைத்து, பூட்டியும் ஆகிவிட்டது; அவர் இன்னும் இரண்டாம் மதகைத் தாண்டவில்லை. மறுநாள் காலை அவர் மறுபடி எழுத உட்கார்ந்தார். கையேடு வரலாற்றில் தொடங்கிக் குழாய் அளவில் முடியும். இவர் கட்டுரை தண்ணீர் தேங்கும் தெருவில் தொடங்கி, அது போகிற வழியெல்லாம் கூடவே போய், ஆற்றில் போய் முடிந்தது. நகராட்சி வெளியிட்ட அறிக்கைகளைத் தேடியெடுத்து ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வைத்திருந்தார். நீங்கள் இரண்டு திரையிலும் வைத்துப் பார்த்து, உள்ளதை எழுதிக் கொடுத்தீர்கள். தலைவர் கையெழுத்திட்டார். அந்தக் கட்டுரை திரும்பி வந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக, அதே பாடுபட்டு, வந்துகொண்டிருக்கின்றன. கூடவே மறுபடி தொடங்கிய ஏழாம் எண் மீதான வசை மட்டும் இன்றுவரை குறையவில்லை என்று போன வாரம்கூடச் சொன்னீர்களாம்.

அக்கா, இதற்கு மேல் உள்ளது உங்களுக்கும் புதிது. மருந்துக் கடை வரிசையில் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "மடல் நீங்கதான எழுதறீங்க? ஒண்ணு சேர்த்துக்குங்க. ஏழாம் நம்பர் யாருன்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

எப்படி என்று கேட்டேன். மாடி அறைக்கு அவர் தன் கையாலேயே வர்ணம் அடித்தபோது நீங்கள் வாசலில் நின்று சொன்னதைச் சொல்லிக் காட்டினார்: ஜன்னல் ஓரம் நல்லா வந்திருக்கு. ஆனா இந்தப் பக்கம் பழைய பூச்சு மேலயே போயிருக்கீங்க. இதைச் சுரண்டிட்டுத்தான் அடிக்கணும். அவசரமில்ல, நாளைக்குப் பார்த்துக்கலாம். அப்புறம் அறிவிப்பைச் சொன்னார்: வரைபடங்கள் சிறப்பாக அமைந்துள்ளன. எனினும், மூன்றாம் பத்தி முதல் முந்தைய நூலின் அமைப்பே தொடர்கிறது. அதை நீக்கிப் புதிதாக எழுதுதல் வேண்டும். கால அவகாசம் உண்டு.

"சொல்லெல்லாம் வேற சார். ஆனா அடுக்கு அதே அடுக்கு. எங்க வீட்டுப் பேச்சை ஆபீஸ் பாஷைக்கு மொழிபெயர்த்திருக்கா. இத்தனை வருஷம் அவ சொல்லிச் சொல்லி எனக்கும் இந்த வேலை கொஞ்சம் வந்துடுச்சு."

"தெரிஞ்சுக்கிட்டே தினமும் திட்டினீங்களா?"

"பின்னே? தெரியும்னு சொல்லியிருந்தா, அன்னைக்குத் துணி மடிச்சுக்கிட்டே அந்தக் கேள்வியை அவ கேட்டிருப்பாளா? விதி விதின்னு வாயை மூடிட்டு இருந்திருப்பா. மேடையிலயே சொல்லிடுங்க சார். வீட்டுல சொன்னா தனியா மாட்டிக்குவேன்."

சொல்லிவிட்டேன். நீங்கள் இப்போது அவர் பக்கம் திரும்பியிருப்பீர்கள். அவர் கூரையில் மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நடுநிலை தவறாத நங்கையே, கண்ணுக்கு ஒளியும் காலுக்கு வலிவும் குன்றாமல், நூலகங்களே வியக்கும் நூற்றாண்டு கடந்து நீங்கள் வாழ வேண்டும். உங்கள் இடத்துக்கு அந்த மொழி கற்ற புதியவர் ஒருவர் வருகிறார். மாமாவின் மிச்சக் கட்டுரைகளை இனி அவர் பார்ப்பார். நாளை முதல் நீங்கள் எவருக்கும் ஏழாம் எண் அல்ல. உங்கள் வாயை எந்த விதியும் கட்டாது. ஆகவே மாமா ஒரு விண்ணப்பம் கொடுத்தனுப்பியிருக்கிறார்: அடுத்த கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே, சாப்பாட்டு மேசையில் வைத்து, நீங்கள் ஒருமுறை படித்துவிட்டுத் திட்ட வேண்டுமாம். பதிலை இங்கே சொல்ல வேண்டாம் அக்கா. வீட்டுக்குப் போய், ஜன்னல் ஓரத்தைப் புகழாமல், நேராகவே சொல்லிவிடுங்கள்.

என்றும் உங்கள் கண்ணுக்கு அஞ்சும்,
ஒப்பீட்டுப் பிரிவு ஊழியர்கள் அனைவரும்;
அவர்கள் சார்பில் எழுதியவர், நீச்சல் தெரியாத முன்னாள் ஐந்தாம் எண்.