சம்பந்தி வந்தாச்சு, கதவைச் சாத்துங்க

என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அதே புன்னகையோடு தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் எங்கள் பல் மருத்துவர் அம்மா அவர்களே. வீதிச் சங்கத்தின் செயலாளர் அவர்களே, துண்டுச் சீட்டை இப்போதே எழுத வேண்டாம், ஐயா, நான் இன்னும் தொடங்கவே இல்லை. முன்வரிசையில் முதுகு சாயாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே. அணைக்கச் சொல்லியும் அணைக்காமல் வந்திருக்கும் தந்தைமார்களே. ஒலிபெருக்கியே தேவைப்படாத எங்கள் மொட்டைமாடி வானொலி அக்கா அவர்களே. எங்கள் குப்பையையும் அறிந்து, அதன் வழியே எங்கள் குணத்தையும் அறிந்து வைத்திருக்கும் குப்பை வண்டி அக்கா அவர்களே. இரண்டாம் வரிசை ஓரத்தில், இவன் என்ன உளறப் போகிறானோ என்று கைகட்டிக் காத்திருக்கும் என் அன்புச் சம்பந்தி அவர்களே. உங்கள் ஒவ்வொருவர் முன்னும் கைகூப்பி நிற்கிறேன்.

ஊரெல்லாம் திறப்பு விழா நடத்தும். நம் வீதி இன்று மூடு விழா நடத்துகிறது. நாற்பத்திரண்டு வீடு, நாற்பத்திரண்டு குப்பைத் தொட்டி, நாற்பத்திரண்டாவது தொட்டிக்கும் மூடி போட்டாயிற்று. மூடிக்கு ஒரு மேடையா என்று கேட்பவர்கள், போன வருடம் இதே வீதியில் ஒரு மாலைப் பொழுது நின்று பார்த்திருக்க வேண்டும்.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். இருபத்தாறு ஆண்டுகளாகப் பிறர் எழுத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பிழைத்தவன். அந்த நான் செய்த ஒரு சொற்பிழை என் குடும்பத்தையே கவிழ்க்கப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் மேடையேறினேன். அதோ சீட்டு வருகிறது. வரட்டும், வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

குரங்குகள் நம் வீதிக்கு ஏன் வந்தன? வழி தவறி வந்தனவா? வம்பு செய்ய வந்தனவா? மரம் இருந்த மேட்டில் நாம் மாடி கட்டினோம். பழைய முகவரிக்குத்தான் அவை திரும்பி வந்தன. வந்தவற்றுக்கு முதல் பிஸ்கட்டை நீட்டிய கை எது? வெட்கத்தோடு சொல்கிறேன், இந்தக் கைதான். ஒன்று வந்ததே என்று ஒன்று கொடுத்தேன். மறுநாள் உறவு முறையோடு இருபது வந்தன.

பிறகு நாம் பட்ட பாடு என்ன, பதறிய பதற்றம் என்ன. பக்கத்து வீட்டு ஆசிரியர் ஆசையாய் வளர்த்த தக்காளிச் செடியில் பிஞ்சு மிஞ்சவில்லை. என் வீட்டில் ஒருவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, போகிற போக்கில் என் மேசையில் இருந்த அச்சுப்படியில் நான்கு பக்கத்தைத் தின்றுவிட்டுப் போனார். ஒரு வாரமாக என் கண்ணுக்குத் தப்பிய பிழைகளை ஒரே கடியில் நீக்கிய மேதை அவர். புலிப் பொம்மை வாங்கி வைத்தோம். அதன் தலைமேல் உட்கார்ந்து பேன் பார்த்தன. ரப்பர் பாம்பு வாங்கித் தொங்கவிட்டோம். தபால்காரர் மூன்று நாள் வரவில்லை. என்ன சிரிப்பு அங்கே? ஓ, தபால்காரரே வந்திருக்கிறாரா? மன்னிக்க வேண்டும், ஐயா.

கடைசியில் ஒரு கட்டுப்பாடு செய்தோம். முதலில் பார்ப்பவர் குரல் கொடுக்க வேண்டும். கேட்டவர் அடுத்த வீட்டுக்குச் சொல்ல வேண்டும். கதவு, சன்னல், சமையலறைத் தாழ்ப்பாள், மூன்றும் விழ வேண்டும். ஆனால் ‘குரங்கு’ என்று கத்தினால் என்ன நடந்தது? உள்ளே இருந்த பிள்ளைகளெல்லாம் வேடிக்கை பார்க்க வெளியே ஓடி வந்தார்கள். அதனால் ஒரு மறைசொல் வேண்டும் என்று இதே மன்றத்தில் கூடினோம். எழுந்தேன் நான். சொல் விற்பன்னன் அல்லவா?

“சம்பந்தின்னு வச்சுக்குவோம். நம்ம வீட்டுச் சம்பந்திதான் எட்டிப் பார்க்க மாட்டேங்கிறார். இவங்களாவது தவறாம வர்றாங்களே” என்றேன்.

நீங்களெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. காரணம் உங்களில் சிலருக்குத் தெரியும். என் மகளும் மருமகனும் தாங்களாகவே முடிவு செய்து மணந்துகொண்டவர்கள். மருமகனின் அப்பா இரும்புப் பட்டறைக்காரர். மனமும் அப்போது இரும்பாகத்தான் இருந்தது. நாங்கள் இருவரும் பேசப் போனோம். வாசல் வரை வந்தார், எங்களைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று வருடம் அந்தக் கதவு திறக்கவில்லை. அந்தக் கசப்பைத்தான் நான் நகைச்சுவை ஆக்கினேன். ஆறாத புண்ணுக்கு ஆளாளுக்கு ஒரு மருந்து.

மகள் கருவுற்றாள். ஏழாம் மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பாள். ஒரு நாள் அவள் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்: “புள்ள பொறக்கறதுக்குள்ள மாமா ஒரு தடவை வந்துட்டாப் போதும்மா. வேற ஒண்ணும் வேணாம்.” எங்கள் வீட்டில் அதற்குமேல் பெரிய கவலை எதுவும் இல்லை. அதைத் தீர்க்க எனக்கு வழியும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. வீதி முனையில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. இறங்குகிறார் சம்பந்தி. பின்னால் சம்பந்தியம்மா, கையில் பை நிறையப் பழம். சம்பந்தியின் தோளில் என்ன? தம் பட்டறையில் தம் கையாலேயே வளைத்து, ஒட்டி, வழவழவென்று தேய்த்த ஓர் இரும்புத் தொட்டில். மகனிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. மூன்று வருடப் பிடிவாதத்தை முழுங்கிவிட்டு முதல் அடி எடுத்து வைக்கிறார். பழ வாசனை பிடித்து அவருக்குப் பின்னால், மதில்மேலேயே, இருபது பேரும் வருகிறார்கள்.

வானொலி அக்கா கண்ணுக்குத் தெரிந்தது மதில் மட்டும்தான். கடமை தவறாத அக்கா. அடிவயிற்றிலிருந்து எடுத்தார் குரலை.

“சம்பந்தி வந்தாச்சு, கதவைச் சாத்துங்க!”

அடுத்த வீடு வாங்கியது. “சம்பந்தி வந்தாச்சு, கதவைச் சாத்துங்க!” எதிர் வீடு ஏந்தியது. அந்த மனிதரின் கண் முன்னாலேயே, காது கேட்க, ஒரு வீதியே வரிசையாகக் கதவடைத்தது. படார், படார், படார். யாரோ ஒரு புண்ணியவான், “சமையக்கட்டையும் பூட்டுங்க, இந்தச் சம்பந்தி மோசமான சம்பந்தி” என்றும் சேர்த்துச் சொன்னார். யார் அது என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆசிரியர் ஏன் தலையைக் குனிகிறார் என்று எனக்குத் தெரியாது.

எல்லோரையும்விட வேகமாகக் கதவைச் சாத்தியவன் நான். சாத்திவிட்டுத் திரும்பினால், என் மகள் சன்னல் இடுக்கில் நிற்கிறாள்.

“அப்பா, இது நிஜச் சம்பந்திப்பா.”

எட்டிப் பார்த்தேன். அவர் திரும்பி நடந்துகொண்டிருந்தார். என் கை தாழ்ப்பாளில் இருந்தது, ஆனால் அசையவில்லை. என்ன சொல்லி அழைப்பது? எந்தச் சொல்லைக் கொண்டு அந்தச் சொல்லை அழிப்பது? நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன். என் மகள் என் கையைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாள். நிறைமாத வயிறு இல்லை என்றாலும் நிறைந்த வயிறு. அதைத் தாங்கிக்கொண்டு வாசலில் இறங்கி, “மாமா” என்றாள்.

அவர் திரும்பினார். அவருக்கும் அவளுக்கும் நடுவே இருபது குரங்கு. கூட்டத்தின் தலைவன் பழப் பையைப் பிடித்து இழுக்கிறான், பல்லைக் காட்டுகிறான். அந்த நேரத்தில், அவமானப்பட்டு நின்ற அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? ஐயா, அம்மா, நன்றாகக் கேளுங்கள். நாற்பத்திரண்டு வீடு சொல்லி அவர் நெஞ்சைச் சுட்ட அதே சொல்லைத்தான் சொன்னார்.

“வெளிய வராதம்மா. உள்ள போ, கதவைச் சாத்து.”

சொல் ஒன்றுதான். சற்றுமுன் அவரை வெளியே தள்ளியதும் அந்தச் சொல். இப்போது எங்கள் பிள்ளையைக் காக்க வந்ததும் அந்தச் சொல். பையைப் பிடுங்கித் தூர வீசினார். தொட்டிலைக் கவிழ்த்துக் கேடயமாய்ப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து நின்றார். அவள் அசையவில்லை.

“நீங்க உள்ள வந்தாத்தான் சாத்துவேன் மாமா.”

வந்தார். சம்பந்தியம்மாவும் வந்தார். கதவைச் சாத்தினோம். வெளியே அவர்கள் பழம் தின்றார்கள். உள்ளே சம்பந்தி கேட்டார், “அது எதுக்குங்க, தெருவே கூடி எங்களை...?” மென்று விழுங்கி, உண்மையைச் சொன்னேன். குரங்குக்கு அவர் பெயரை வைத்ததைச் சொன்னேன். வைத்தவன் நான்தான் என்பதையும் சொன்னேன்.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மா. “மூணு வருஷமா நானும் இவரைக் குரங்குன்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். வெளியில சொல்லலை, அவ்வளவுதான்” என்றார். சம்பந்தி சிரிக்கவில்லை. தொட்டிலில் விழுந்த கீறலைக் கட்டைவிரலால் தடவியபடி, “முதல்ல கதவைச் சாத்துனது நான்தானே” என்றார். என் மகள் அழுதாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் காலை சம்பந்தி வீதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஒன்று கேட்டார்: “வீட்டுக் கதவை ஒரு நாளைக்கு நாலு தடவை சாத்துறீங்க. குப்பைத் தொட்டிய ஒரு தடவை சாத்துனா போதாதா?” இதையே இரண்டு வருடமாகக் குப்பை வண்டி அக்கா கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தார். கேட்டோமா? அக்கா, அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்கிறேன்: நீங்கள் சொன்னதுதான் சரி, நாங்கள்தான் செவிடர்கள். நீங்கள் சொன்ன அளவுக்குச் சம்பந்தி மூடி அடித்தார். அடியில் அழுத்தி, மேலே தூக்கினால்தான் திறக்கும் கொக்கி. நம் செயலாளருக்கே திறக்கத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. குரங்குகள் பதினொரு நாள் முயன்றன. பிறகு மேட்டுக்கு அந்தப்புறம் மிஞ்சியிருக்கும் அத்தி மரங்களுக்கே திரும்பிவிட்டன. நானும் பிஸ்கட் நீட்டுவதை நிறுத்திவிட்டேன். எப்போதாவது ஒன்று மதிலில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்க்கும். பழக்க தோஷம், அதற்கும் எனக்கும்.

யாருக்கெல்லாம் நன்றி சொல்வேன் நான்? தவறாமல் கத்திய குரலுக்கு நன்றி. கேட்காமலே சொன்ன அறிவுரைக்கு நன்றி. என் கையைத் தள்ளிவிட்ட மகளின் கைக்கு நன்றி. அந்த இருபது பேருக்கும் நன்றி. அவர்கள் மட்டும் அன்று வராமல் இருந்திருந்தால் நாங்கள் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசி, காப்பி குடித்து, மனம் திறக்காமலே பிரிந்திருப்போம். சம்பந்தி அவர்களே, நீங்கள் வளைத்த தொட்டிலில், கீறல் விழுந்த பக்கம் தலைவைத்து, நம் பேத்தி இதோ இந்தப் பெரும் பேச்சுக்கும் அசையாமல் தூங்குகிறாள். நான்கு மாதக் குழந்தை. இந்த அவையிலேயே விவரமானவள் அவள்தான்.

மூன்றாவது சீட்டும் வந்துவிட்டது. முடித்துவிடுகிறேன்.

அச்சாகிப் போன பிழைக்குப் புத்தகத்தின் கடைசியில் ஒரு பிழைதிருத்தம் போடுவது எங்கள் தொழில் தர்மம். தலைவர் அம்மாவின் அனுமதியோடு, என் பிழையை இந்த அவையிலேயே திருத்துகிறேன். இனிக் குரங்கு வந்தால் குரங்கு என்றே சொல்லுவோம். பிள்ளைகளும் பார்க்கட்டும், சன்னலுக்கு உள்ளே நின்று. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றியும் வணக்கமும் சொல்லி இறங்குகிறேன். இறங்கும் முன், வானொலி அக்கா, உங்கள் குரலில் ஒரே ஒருமுறை, நான் சொல்வதை வீதி முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்லுங்கள்.

சம்பந்தி வந்தாச்சு, கதவைத் திறங்க.