பூங்காவைப் பார்த்த பால்கனி

“அக்கா, இங்கேருந்து பூங்கா முழுசும் தெரியுமா?”

“நல்லா சாஞ்சு பாருங்க மாப்பிள்ளை. அப்பத்தான் நடுவுல இருக்கிற குளம் தெரியும்.”

“விழுந்து கிழுந்து வெச்சா உங்க தங்கச்சி என்னைக் கொன்னுடுவா.”

எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு இதுதான், இன்ஸ்பெக்டர் ஐயா. சிரித்துக்கொண்டேதான் சாய்ந்தார்.

நல்ல மனிதர். பூங்காவைச் சுற்றியிருக்கும் எங்கள் பழைய வீடுகளை அளக்க வந்த சர்வேயர். வந்த இடத்தில் என் தங்கையைப் பார்த்தார். எனக்கும் பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அப்புறம் அவளைத் தன் ஊருக்கு அழைத்துப் போய்விடுவார்.

அவளுக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள். சோறு ஊட்டியது, தலை பின்னியது எல்லாம் நான்தான். போகாதே என்று வளர்த்தவள் வாய்விட்டுக் கேட்கலாமா? கேட்கவில்லை.

எங்கள் வீடுகளுக்குக் குடியிருப்போர் சங்கம் வைத்த ஒரு கட்டுப்பாடு உண்டு. நூறு வருடத்து முகப்பை மாற்றக் கூடாது. வருடாவருடம் அதே பச்சை பெயின்ட் அடிக்க வேண்டும். சங்கத்துக்காரர்கள் பூங்காவில் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி, மாடி ஏற மாட்டார்கள். பச்சைக்குள்ளே பால்கனிக் கைப்பிடி மரம் உளுத்துப்போனது தச்சருக்குத்தான் தெரிந்தது. “சாஞ்சா போச்சும்மா, யாரையும் விடாதீங்க” என்று குறுக்கே கயிறு கட்டிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை கயிற்றை அவிழ்த்தேன். உளுத்த இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்து ஒரு கோட் பச்சை அடித்தேன். புதன் மாலை இன்னொரு கோட். மழை ஈரத்தில் அது சரியாகக் காயவில்லை. வியாழக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த பச்சையை நீங்கள்தான் கவனித்தீர்கள்.

கால் உடைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கல்யாணம் தள்ளிப்போகும். எங்கள் வீட்டிலேயே படுத்திருப்பார். நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். மூன்று பேரும் ஒன்றாக இருப்போம்.

கீழே ஈட்டிமுனை வேலி இருப்பது தெரியாதா என்கிறீர்கள். அதற்கும் வருடாவருடம் நான்தான் பச்சை அடிக்கிறேன்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஐயா. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நிமிடம் உள்ளே வரச் சொல்லுங்கள்.

வந்துவிட்டாள். கையில் பெட்டி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எங்கடி கிளம்பிட்ட?”

“அவரோட அம்மாகிட்ட.”

“பாப்பா, என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதடி.”