கூஜாவை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

மேடையில் வீற்றிருக்கும் நம் நிறுவனத்தின் தலைவர் அவர்களே! இயக்குநர்களே! முன்வரிசையில் கண் கலங்கி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! ஆலைத் தோழர்களே! குடத்தைக் குழாயடியிலேயே வைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் பின்தெரு மக்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன். வணக்கம்.

நான் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவள். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால், சமூகப் பணிப் பிரிவின் தலைவராக இருந்து மறைந்த நம் அண்ணனையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை. காலையில் கண்மூடிப் பிரார்த்தனை, வாயைத் திறந்தால் தர்மம், கையில் ஒரு கூஜா! அதோடு அவர் இயக்குநர்கள் அறைக்குள் நுழையும்போது, "பாருங்கடா, மேலிடத்துக்குக் கூஜா தூக்குறாரு" என்று உணவுக்கூடத்தில் சிரிக்காதவர் யார்? கூஜாக்காரர் என்றே பெயர் வைத்தோம். அவரும் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

அந்தக் கூஜாவில் என்ன இருந்தது? நம் நிறுவனம் பின்தெருவுக்குத் தர்மமாகக் கொடுக்கும் குழாய்த் தண்ணீர்! அந்தத் தெருவின் கிணற்று நீர் ஏன் நிறம் மாறியது என்பதை இன்று பேசப்போவதில்லை. அண்ணி முன்னால் சண்டை வேண்டாம்.

தினமும் காலையில் அவரே குழாயைத் திறப்பார். முதல் தம்ளரைத் தான் குடிப்பார். பிறகு கூஜாவை நிரப்பி இயக்குநர்கள் மேசையில் கொண்டுபோய் வைப்பார். ஒருநாள் கேட்டேன்: "ஏன் அண்ணா, குடத்தோட நிக்கிறவங்களுக்கு முந்தி நீங்க குடிக்கிறீங்க?"

"நாம வாயில வைக்க யோசிக்கிறதை அடுத்தவங்களுக்குக் கொடுத்தா அது தர்மம் இல்லம்மா. கழிச்சுக் கட்டுறது."

தலைவர் அவர்களுக்கு நினைவிருக்கும். ஒருநாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னய்யா இது, துரு வாடை அடிக்குது?" என்று முகம் சுளித்தீர்கள். "தெருவுக்குப் போற தண்ணிதாங்க" என்றார், குரலை உயர்த்தாமல். அன்று மாலைக்குள் வடிகட்டி மாறியது! ஆண்டறிக்கையில் பளபளவென்று அச்சாகும் 'நம் ஆன்மிக மரபு' மாற்றியதா அதை? இல்லை! உங்கள் நாக்கு மாற்றியது.

அவர் தூக்கத்திலேயே போனார். அதில் எனக்குச் சந்தேகமில்லை, மருத்துவரும் சொல்லிவிட்டார். என் சந்தேகமெல்லாம் அதற்குப் பின் நடந்தவற்றில். அவருடைய கண்ணாடியும் குடையும் இன்னும் அவர் மேசையில்தான் கிடக்கின்றன. கூஜாவை மட்டும் வெல்வெட் துணியில் சுற்றி, மறுநாளே காரில் வீட்டுக்கு அனுப்பினீர்களே, ஏன்? "இதுக்கு மட்டும் ஏம்மா இவ்வளவு மரியாதை?" என்று அண்ணி என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இங்கே உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

இந்த மேடையில் இன்று மூடி திறக்காத பாட்டில்கள் ஏன்? ஓரத்தில் திரை போட்டு மூடிய பலகை எதற்கு? குழாய்க்கு அவர் பெயரை வைக்கப் போகிறீர்களாம். பெயரை வைத்துவிட்டால் குடிக்க வேண்டியதில்லை என்ற எண்ணமா? எனக்கு அழுகை வருகிறது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வருகிறது.

தோழர்களே! அண்ணி அந்தக் கூஜாவைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். இன்று காலை பின்தெருக் குழாயில் நானே நிரப்பினேன். இனி ஒவ்வொரு காலையும் முதல் தம்ளரை நான் குடிப்பேன். கூஜா இயக்குநர்கள் மேசைக்குப் போகும். நான் வராத நாளில் எங்கள் பிரிவில் இன்னொருத்தி தூக்கி வருவாள். எங்களையும் கூஜாக்காரிகள் என்று சிரியுங்கள், பரவாயில்லை. அவர் விட்ட வேலையை நாங்கள் விடமாட்டோம். இது உறுதி!

இதோ, குடித்துவிட்டேன். எப்படி இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

தலைவர் அவர்களே, அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். இந்தத் தம்ளர் உங்களுக்கு. திரையை அப்புறம் விலக்கலாம். நான் பிறவிச் சந்தேகக்காரி. நீங்கள் குடித்து முடிக்கும்வரை இங்கேயே நிற்கிறேன்.