கழுதைத் தலையும் ஏழு தலையும்

"பாப்பரசருக்குக் கழுதைத் தலை வைச்சுப் படம் அடிச்சிருக்கிறாங்கள், அண்ணை."

டென்மார்க்கில், ஹோர்சன்ஸிலிருந்து ரண்டர்ஸுக்குப் போகும் ரயிலில் என் முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். சொன்னவன் கழுத்தில் சிலுவை போட்ட மன்னார்ப் பெடியன். கேட்டவர் நெற்றியில் திருநீறு. ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கில்லை. அவர்கள்தான் சத்தமாகக் கதைத்தார்கள்.

"எங்கை கண்டனி?"

"டேனிஷ் வகுப்பால மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவை. பாப்பரசரை விட்டுப் பிரிஞ்ச இவையின்ர லூத்தரன் ஆக்கள் அந்தக் காலத்தில அச்சடிச்சது. ஊரிலயிருந்து மனுசியும் பிள்ளையும் வரப்போகினம். இஞ்சத்தை லூத்தரன் போதகர் தன்ர வீட்டு மேல்மாடியைத் தாறன் எண்டவர். வேண்டாம் எண்டு சொல்லப்போறன்."

"கழுதைக்குப் பயந்தோ?"

"பகிடி விடாதேங்கோ."

"உங்கட கத்தோலிக்க ஆக்கள் சும்மாவோ இருந்தவை?"

பெடியனின் குரல் தாழ்ந்தது. "இல்லை. அவை இவையின்ர குரு லூத்தருக்கு ஏழு தலை வைச்சு அடிச்சிருக்கினம்."

"ராவணனுக்கு மூண்டு குறைவு. அது நானூறு, ஐந்நூறு வருசத்துக்கு முந்தின சண்டையடா. இந்தப் போதகர் என்ன சொல்லுறார்?"

"இவை மாதாவைக் கும்பிடாதவை. மனுசி மாதா படம் கொண்டுவருவா எண்டு சொல்லிப் பாத்தனான். படம் எவ்வளவு பெரிசு எண்டு கேட்டவர்."

"ஏனாம்?"

"அவ வாறதுக்கு முதல் சுவரில ஆணி அடிச்சு வைக்கவாம்."

அண்ணை சிரிக்கவில்லை. "அப்ப அளவைப் போய்ச் சொல்லு" என்றார்.

பெடியன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் விரித்தான்.

"இவ்வளவு வரும், அண்ணை."