ஃப்ரீமான்ட் வான்மதி

— அமலி, ப்ரூஃப் பாத்தியா இல்லையா? நாளைக்கு தமிழ்ச் சங்க மலர் பிரஸ்ஸுக்குப் போகணும்.

— பாத்துக்கிட்டேதான் இருக்கேன். "மலராசிரியர் பால்துரை"ன்னு உங்க பேரு நாலு எடத்துல வருது. நாலுலயும் தப்பே இல்ல.

— கிண்டலா? ஃப்ரீமான்ட்லேர்ந்து அந்த வான்மதி அனுப்புன கட்டுரை எப்படி, அதச் சொல்லு.

— எது... எபிரெயத்துல எழுதுன பொம்பளையப் பத்தியா?

— அதான்! போன வாரம் ட்ரெயின்ல படிச்சேன், எறங்க வேண்டிய ஸ்டேஷனையே விட்டுட்டேன். நமக்கு எபிரெயம்னா மோசே, தாவீது, ஏசாயா... எல்லாம் ஆம்பளைங்க. நூறு வருஷம் முன்னாடி ஒருத்தி அந்த பாஷைல உக்காந்து கதை எழுதியிருக்கா. பொம்பளைக்கு எதுக்கு அதெல்லாம்னு கேட்ட காலத்துல!

— ம்.

— பத்திரிகைக்காரன் என்ன பண்ணான்? கதையத் தூக்கிப் போட்டுட்டு, "வீட்டுக் குறிப்பு எழுதும்மா"ன்னுட்டான். என்ன அநியாயம்! எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு.

— கொதிக்கும், கொதிக்கும்... போன வருஷம் நானும் ஒரு கட்டுரை குடுத்தேனே?

— அதான் போட்டேனே!

— கட்டுரைல ஒரு வரி மோர்க்குழம்பு வந்துச்சு. அத மட்டும் வச்சுக்கிட்டு மீதிய வெட்டிட்டீங்க. கீழ "திருமதி பால்துரை".

— இடம் பத்தலடி... அப்புறம், லேடீஸ் பேர அப்படிப் போடுறதுதான் சங்கத்து வழக்கம்.

— வான்மதிக்கு மட்டும் வான்மதின்னே இருக்கு?

— வீட்டுக்காரர் பேரு கேட்டேன். "ஏன், கட்டுரைய அவரா எழுதுனாரு?"ன்னு பதில் வந்துச்சு. விட்டுட்டேன்... எவ்ளோ தைரியம் பாரு அவங்களுக்கு!

— ஓ... "அவங்க".

— எழுத்தாளர்டி, மரியாதை வேணாமா? எபிரெயம் கத்துக்கிட்டு மூலத்துலயே படிச்சிருக்காங்க. லைப்ரரில கிளாஸாம், புதன்கிழமை. நீயும் இருக்கியே, புதன்கிழமையானா பைபிள் ஸ்டடி.

— அங்கயும் பழைய ஏற்பாடுதான் படிக்கிறோம்.

— அதுல புதுசா என்ன... சரி, கேசரி எத்தன பேருக்குக் கிண்டுற?

— இருநூறு. மகளிர் தின விழாவாச்சே, மகளிர்தான கிண்டணும்?

— அந்த விழாவுலதான் வான்மதிய மேடையேத்தி சால்வை போடணும். ஃப்ளைட் டிக்கெட் நானே போடுறேன்னு மெயில் பண்ணேன். ரெண்டு நாளாச்சு, பதிலே காணோம்.

— என்னன்னு பதில் போடுவா? "என் மனைவியையும் எழுது எழுதுன்னு நான்தான் என்கரேஜ் பண்ணிட்டிருக்கேன்"னு நீங்க எழுதுனா... படிக்கிறவளுக்கு முதல்ல சிரிப்பு நிக்க வேணாமா?

— அது சும்மா ஒரு பேச்சுக்கு... இரு இரு. அந்த மெயில நான் உனக்குக் காட்டலயே?

— காட்டலதான்.

— அமலி... ?

— டிக்கெட்டெல்லாம் போடாதீங்க. வான்மதி இதே பிளெய்ன்ஸ்பரோவுலேர்ந்து, உங்க கார்லயே, முன் சீட்ல வருவா. கேசரிக்கு மட்டும் வேற ஆள் பாத்துக்குங்க.