வாளியைச் சுற்றி ஒரு வட்டம்

இந்த ஆண்டுவிழாவுக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டால் மணியடிக்கக் கையோங்கி அமர்ந்திருக்கும் மூத்த செவிலியர் அவர்களே! குடியை விட்டவர்களே! விடப் போகிறவர்களே! விடமாட்டாரா, விடியாதா என்று வாசலைப் பார்த்தே வாடிய தாய்மார்களே! பெரியோர்களே! வேறு ஏதோ கூட்டம் என்று நினைத்து வழிதவறி இந்த அரங்குக்குள் வந்து உட்கார்ந்துவிட்டவர்களே! உங்கள் எல்லோருக்கும், கடைசியில் சொன்னவர்களுக்கு முதலாவதாகவும், என் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படி வழிதவறி வந்த ஒருவரால்தான் இன்று என் வீட்டில் விளக்கு எரிகிறது. அதைச் சொல்லத்தான் தையற்கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் தலைவி. வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் தலைவி! என்னோடு ஒரே வீட்டில் என் தம்பி. குழாய் வேலை செய்பவன். ஊரார் வீட்டு ஒழுகலையெல்லாம் அடைத்தவன், தன் வாழ்க்கை குடியில் ஒழுகிப்போவதை மட்டும் அடைக்கத் தெரியாமல் நின்றான். இன்னொரு முறை இரத்த வாந்தி எடுத்தால் பிழைக்க மாட்டான் என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். நான் அழாத அழுகையா? சொல்லாத புத்தியா? வேண்டாத தெய்வமா? எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

இந்தக் குழு கூடுவதோ எங்கள் கட்டடத்து மாடியில்! தலைவிக்கே அது தெரியாது. வாரம் ஒருமுறை யாரோ மாடியறையை வாடகைக்கு எடுக்கிறார்கள், பாட்டு வகுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வருகிறவர்களின் மானம் காக்க இவர்கள் வாசலில் பலகையே வைப்பதில்லையே! தொலைபேசியில் வழி கேட்டால், கதவு திறந்திருக்கும், நாற்காலிகள் வட்டமாக இருக்கும், தேநீர் இருக்கும், வந்து உட்காருங்கள் என்பார்கள். அவ்வளவுதான் முகவரி.

ஒருநாள் மாலை, கீழ்த்தளத்தில், மேலே மாடி இல்லாத பின்னறையில் எங்கள் சங்கக் கூட்டம். பேசுபொருள், கூரை ஒழுகல். ஒழுகியது எங்கே? அறையின் நட்ட நடுவே. ஆகவே நடுவில் ஒரு நீல வாளி. வாளிக்கு இடம்விட்டு நாற்காலி போட்டால் என்ன வரும்? சொல்லுங்கள்! ஆம், அம்மா சரியாகச் சொன்னீர்கள், வட்டம் வரும்! கதவும் திறந்திருந்தது. தேநீரும் இருந்தது. வந்து உட்கார்ந்தார் ஒரு வெல்டர்.

பொருளாளர் சிமெண்டுப் பூச்சைப் பற்றி விளக்கியதையெல்லாம் பயபக்தியோடு தலையாட்டிக் கேட்டார். வேறு யாராவது பேச வேண்டுமா என்று நான் கேட்டதும் எழுந்து நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு குடிகாரன். காலையில கை நடுங்குது, அந்தக் கையிலதான் நெருப்பப் புடிச்சு வேலை செய்றேன். என் பொண்ணு நாத்தம் அடிக்குதுன்னு என் தோள்ல ஏற மாட்டேங்குறா. நீங்கள்லாம் எப்படி விட்டீங்க? எனக்கும் சொல்லுங்க."

வாளியில் நீர் சொட்டியது. இவர் எந்த வீட்டுக்காரர் என்று பொருளாளர் என் காதைக் கடித்தார். நான் வாய் திறக்குமுன், ஒழுகலைப் பார்க்க நான் இழுத்து வந்திருந்த என் தம்பி, மூலையிலிருந்து எழுந்தான்.

"அண்ணே, இது கூரை ஒழுகுறதுக்குப் போட்ட கூட்டம். நீங்க தேடுறது மாடியில. குழாய் பாக்கப் போனப்ப கேட்டிருக்கேன், உள்ள சிரிச்சுப் பேசிக்கிட்டிருப்பாங்க. அப்புறம் எத்தனையோ வாட்டி அந்தக் கதவு வரைக்கும் போய்த் திரும்பியிருக்கேன். தனியா உள்ள போக கால் வரல. நீங்க வந்தா நானும் வர்றேன்."

என் தம்பி! புத்தி சொன்னால் புரண்டு படுப்பவன் என்று நான் நினைத்த தம்பி, எனக்குத் தெரியாமல் அந்தப் படிகளை எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறான்! இருவரும் தோளோடு தோள் உரச மாடியேறினார்கள். நாங்கள் தேநீர்க் குடுவையையும் அவர்கள் பின்னாலேயே கொடுத்தனுப்பினோம்.

அன்று ஏறியவன் ஏறியவன்தான், தோழர்களே! வாரம் தவறாமல் ஏறினான். குடியும் நின்றது. மறந்துவிட்டேனே, கூரை ஒழுகலும் நின்றது! அடைத்தவன் அவன்தான். படிக்கட்டுக்குக் கைப்பிடி வைத்துக்கொடுத்தவர் அந்த வெல்டர். இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதையெல்லாம் சொல்கிறேன். என்ன? பின்வரிசையில் யாருக்கோ மேடை மறைக்கிறதா? திரும்பிப் பாருங்கள். நாற்காலி காலியாகக் கிடக்க, அப்பாவின் தோளில்தான் உட்காருவேன் என்று அமர்ந்திருக்கிறாள் அந்த மகள். மறைக்கட்டும்! மேடையைவிட அது பார்க்க வேண்டிய காட்சி!

எண்ணிப் பாருங்கள். அது வாளிக்காகப் போட்ட வட்டம். அதில் தவறி நின்று சொன்ன ஒரு சொல்லே ஓர் உயிரை எழுப்பியது என்றால், உங்களுக்காகவே போட்டு வைத்திருக்கும் வட்டம் எதைத்தான் செய்யாது? யாரைத்தான் மீட்காது?

பலகை இன்றும் கிடையாது. ஆனால் அந்த நீல வாளியை மாடிப்படியின் அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறோம். வழிதவறி வந்தவரே, உங்களை யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். வாளியைப் பார்த்து வாருங்கள். அதன் பக்கத்தில், தனியாக ஏறக் கால் வராதவர்களுக்காக ஒருவன் நிற்பான். அவன் என் தம்பி.

இவ்வளவு நேரம் மணியடிக்காத தலைவருக்கும், செவிகொடுத்த உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.