சிவப்பு மையில் எழுதிய மூன்றாம் நினைவூட்டல்

பெயர்: ரங்கசாமி த/பெ முனியாண்டி. வயது: 68. தொழில்: ஓய்வுபெற்ற தோட்டப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்). கல்வி: ஐந்தாம் படிவம். முகவரி: ஊழியர் குடியிருப்பு எண் 4, புக்கிட் செரே தோட்டம், நியாலாஸ், மலாக்கா. வாக்குமூலம் பெறப்பட்டது: 19.6.2025, வியாழக்கிழமை, காலை 10.40. பெற்றவர்: சார்ஜன் காளிமுத்து.

எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனாலும் பதற்றத்தில் ஒரு சொல் மாறிவிடக்கூடும் என்று நான் கேட்டுக்கொண்டதால், தமிழில் சொல்ல அனுமதி தரப்பட்டது. யாருடைய வற்புறுத்தலும் இன்றி இதைச் சொல்கிறேன்.

நான் மேற்படி தோட்ட அலுவலகத்தில் 1976 முதல் 2023 வரை வேலை செய்தேன். ஓய்வு பெற்ற பிறகும் நானும் என் மனைவி சுசீலாவும் அதே வீட்டில் இருந்துவர நிர்வாகம் அனுமதித்திருந்தது. 3.3.2025 அன்று புதிய நிர்வாகியிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஊழியர் வீடுகள் இனிமேல் தோட்டத்திலோ தோட்டத்தின் பதிவுபெற்ற குத்தகை நிறுவனங்களிலோ வேலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே என்றும், மற்றவர்கள் 30.6.2025க்குள் காலி செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்தது. எங்கள் ஒரே மகள் ஷாந்தினி சிங்கப்பூரில் இன்னொரு பெண்ணோடு ஓர் அறையில் தங்கி வேலை செய்கிறாள். எங்களுக்கு வேறு வீடு கிடையாது.

அதன் பிறகு, 12.4.2025 சனிக்கிழமை, மலாக்கா நகரில் ஒரு ஹோட்டலில் தோட்டத்துறைத் தொழில்முனைவோர் சந்திப்பு நடப்பதாகப் பத்திரிகையில் பார்த்து அங்கே போனேன். அந்த மாதிரிக் கூட்டத்துக்கு நான் அதற்கு முன் போனதில்லை. யாரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் முதல் ஒரு மணி நேரம் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அதன் பிறகு ஒன்பது பேரிடம் பேசினேன். ஒன்பது பேரும் பெயர் அட்டை கொடுத்தார்கள். ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்திலும் தேதியையும் அவர்கள் சொன்னதையும் குறித்துக்கொண்டேன்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான் திரு. ரிதுவான், ஜமாலுதீன் என்பவரின் மகன். சிம்பாங் அம்பாட்டில் அலுவலகம் வைத்து, தோட்டங்களுக்கு அறுவடை ஆட்களை அனுப்பி அவர்களுடைய பதிவேடுகளையும் பார்த்துக்கொள்ளும் குத்தகை நிறுவனம் நடத்துகிறார். எங்கள் தோட்டத்திலும் அது பதிவுபெற்ற நிறுவனம். அவர் என்னிடம், "அங்கிள், உங்கள மாதிரி ரெக்கார்டு தெரிஞ்ச ஆளுக்குத்தான் அலைஞ்சிட்டு இருக்கேன். பசங்க ஒரு ஃபாரம் ஒழுங்கா எழுத மாட்டேங்கறானுங்கலா. மெசேஜ் மட்டும் போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். அதையும் அட்டையின் பின்பக்கம் எழுதினேன்.

மறுநாள் காலை 9.00 மணிக்கு அவருக்கு என் விவரங்களை அனுப்பினேன். இரவு 8.12க்கு ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. எனக்கு அதன் பொருள் விளங்காததால், பக்கத்து வீட்டில் இருக்கும் புனிதாவிடம் காட்டினேன். புனிதா கிளினிக்கில் தாதியாக இருக்கிறார். அவர், "ஓகேன்னுதான் அர்த்தம் அங்கிள். வேற என்ன, லிஃப்டா கேக்கறாரு?" என்று சிரித்தார். நான் என் குறிப்பேட்டில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதினேன். இப்போது யோசித்தால் 'கிடைக்கப்பெற்றது' என்று எழுதியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. மற்ற எட்டுப் பேருக்கும் செய்தி அனுப்பினேன். ஒருவர் 'பார்க்கலாம்' என்றார். ஐந்து பேர் படித்துவிட்டுப் பதில் போடவில்லை. ஒருவருடைய படம் என் கைப்பேசியிலிருந்து மறைந்துவிட்டது. எட்டாவது எண் அதற்குள் கைமாறி, செர்காமில் மீன் விற்கும் அஹமது என்பவரிடம் போயிருந்தது. அவர் வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு மீன் விலை அனுப்புகிறார். நான் நன்றி என்று எழுதினால் உடனே பதில் போடுகிறவர் அவர் மட்டும்தான்.

தோட்ட அலுவலகத்தில் பதில் வராத கடிதத்துக்கு ஒரு முறை உண்டு. பதினான்கு நாளில் முதல் நினைவூட்டல், அடுத்த பதினான்கு நாளில் இரண்டாவது, அதன் பிறகு மூன்றாவது. எனக்கு வேறு முறை தெரியாது. அதன்படி 27.4 அன்றும் 11.5 அன்றும் திரு. ரிதுவானுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டிலும், படித்துவிட்டார் என்று காட்டும் நீல அடையாளம் விழுந்தது.

அதன் பிறகு மூன்று பஸ் மாறி அவருடைய அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். அங்கே வரவேற்பில் இருக்கும் ஃபரிஹா என்ற பெண் முதல் முறை, "பாஸ் அவுட்ஸ்டேஷன் அங்கிள்" என்றார். இரண்டாம் முறை மீட்டிங் என்றார். மூன்றாம் முறை, அதாவது 3.6 அன்று, "இந்த வெயில்ல ஏன் அங்கிள் அலையறீங்க? நான் சொல்றேன்லா, நீங்க போங்க" என்று சொல்லி, தனக்கு வாங்கி வைத்திருந்த ஐஸ் தேநீர்ப் பையை என்னிடம் கொடுத்தார். நான் வெளியே வந்தபோது திரு. ரிதுவானின் கார் மரத்தடியில் நின்றது. அதன் முன்மூடியில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. அப்படித் தொட்டுப் பார்த்தது தவறு என்றால் அதையும் பதிவு செய்துகொள்ளவும். நான் திரும்ப உள்ளே போகவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதன் பிறகு மூன்றாம் நினைவூட்டலைத் தயாரித்தேன். எங்கள் அலுவலகத்தில் மூன்றாவதைச் சிவப்பு மையில் எழுதுவதுதான் வழக்கம். கோப்பைப் புரட்டும்போது கண்ணில் படுவதற்காக அப்படிச் செய்வோம். வாசகமும் பழைய வாசகம்தான்: 'இது மூன்றாவதும் இறுதியுமான நினைவூட்டல். ஏழு நாட்களுக்குள் பதில் கிடைக்கவில்லை என்றால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.' மேல் நடவடிக்கை என்று நாங்கள் சொல்வது, கோப்பை மூடி முடிந்தவை இருக்கும் அலமாரியில் வைப்பதைத்தான். அதற்கு மேல் எங்களால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

15.6.2025 ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3.30 மணி அளவில், திரு. ரிதுவானின் பெயர் அட்டையின் கீழே அச்சடித்திருந்த வீட்டு முகவரிக்குப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. தபால் பெட்டி விளம்பரத் தாள்களால் நிரம்பியிருந்தது. கடிதம் விழுந்துவிடக் கூடாது என்று அதில் துளையிட்டு, ராஃபியா கயிற்றால் கேட்டில் கட்டினேன். கட்டியது உறுதியாக இருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அதன் பிறகு வீடு திரும்பினேன்.

கேட்டில் சிவப்பு எழுத்தில் இறுதி எச்சரிக்கை தொங்குவதைப் பார்த்த அவருடைய மனைவி பஷீரா, ஆலோங் எனப்படும் கந்துவட்டிக்காரர்களின் வேலை என்று நினைத்து, மறுநாள் புகார் கொடுத்திருக்கிறார். அவருடைய மாமியார் பௌசியா வாசல் பக்கம் வரவே பயந்தார் என்றும், பிள்ளைகளை இரண்டு நாள் பள்ளிக்கு அனுப்பவில்லை என்றும் சார்ஜன் எனக்குச் சொன்னார். நாற்பத்தேழு வருடம் கடிதம் எழுதியவன், வாங்குகிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு முறையும் யோசித்ததில்லை. கடிதத்தின் கீழே என் முழுப் பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் இருந்தன. சார்ஜன் அதைப் பார்த்துவிட்டு, "எந்த ஆலோங்காரன்யா ஐசி நம்பர் எழுதிட்டு மிரட்டுவான்?" என்றார்.

இன்று காலை திரு. ரிதுவானும் நிலையத்துக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், "அட அங்கிள், நீங்களா! பஷீரா நாலு நாளா தூங்கல" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உட்காராமல் நின்றுகொண்டே, "அறுபத்தஞ்சுக்கு மேல உள்ளவங்கள வேலைக்கு எடுத்தா இன்சூரன்ஸ் தர மாட்டேன்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான் அங்கிள். மே மாசமே தெரியும்" என்றார். இல்லை என்று ஒரு வரி போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "எங்க அத்தா வயசு உங்களுக்கு. உங்களுக்கு வயசாயிடுச்சு, வராதீங்கன்னு எப்படிப் போடுவேன்? பதில் போடலன்னா நீங்களே விட்டுருவீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர் மரியாதைக்காகத்தான் பேசாமல் இருந்திருக்கிறார். நானும் மரியாதைக்காகத்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். புகாரைத் தொடர விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மிரட்டும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அந்த வீட்டுக்கு இனிமேல் போக மாட்டேன்.

இந்த இடத்தில் சார்ஜன், "அவ்வளவுதான்யா, கேஸ் இல்ல. கையெழுத்துப் போட்டுட்டு, வெளிய இருக்கற உங்க வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போங்க" என்றார். ஆனால் 21.4.2025 அன்று நடந்த ஒன்றை நான் அதன் இடத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று தோட்ட நிர்வாகியிடம், நான் திரு. ரிதுவானின் நிறுவனத்தில் பதிவு எழுத்தராகச் சேர்ந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தேன். அந்தக் கட்டைவிரலை நம்பித்தான் எழுதினேன். அதை நம்பி நிர்வாகி வீட்டை எங்களுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்தார். இதைக் கேட்டு சார்ஜன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது நம்ம கேஸுக்கு வேண்டாம்யா. நான் கேக்கல, நீங்களும் சொல்லல. சும்மா இருங்கலா" என்றார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னார். இதையும் எழுதச் சொன்னது நான்தான். மே 11க்குப் பிறகு அந்தக் கடிதம் உண்மையல்ல என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். நாளை காலை எட்டு மணிக்கு நிர்வாகியைப் பார்த்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன். அப்படியானால் 30.6 வரை எங்களுக்கு மீதி இருப்பது பதினோரு நாள்.

மேலே உள்ளது முழுவதும் நான் சொன்னதே. எனக்குத் தெரிந்தவரை இதில் பொய் இல்லை, விட்டுப்போனதும் இனி இல்லை. எழுதியதை சார்ஜன் எனக்கு வாசித்துக் காட்டினார். என் மனைவி சுசீலா கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாலும், வீடு நீட்டிக்கப்பட்ட காரணம் அவளுக்குத் தெரியாது என்பதாலும், கடைசிப் பகுதியைத் தணிந்த குரலில் வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் அப்படியே வாசித்தார். வெளியே போய் அவளுக்கு நானே சொல்வேன்.

(ஒப்பம்) மு. ரங்கசாமி